தோட்டாவின் விளிம்பு

துப்பாக்கி செய்தவரைப் பற்றித் தொழிலாளர் பத்திரிகையில் என்ன பேச்சு என்று தோழர்கள் கேட்கலாம். பட்டறையில் நிற்கிறவன் அறிய வேண்டிய பாடம் ஒன்று பியோதர் தோக்கரேவின் வாழ்க்கையில் இருக்கிறது. அதற்காகவே எழுதுகிறோம்.

1871ல் ரஷ்யாவின் டான் பிரதேசத்தில் ஏழைக் கஸாக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். சிறு வயதிலேயே கொல்லுப் பட்டறைக்குப் போனார். பிறகு ராணுவத் தொழிற்பள்ளியில் ஆயுத வேலை கற்றார். ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் கையால் இழுத்துத் தோட்டா ஏற்ற வேண்டிய மோசின் துப்பாக்கியை, தானே ஏற்றிக்கொள்ளும்படி மாற்ற 1907ல் முனைந்தார். அந்த வேலை அவரை முப்பது ஆண்டுகள் விடவில்லை.

புரட்சிக்குப் பின், 1921ல் துலா ஆயுதத் தொழிற்சாலைக்கு வந்தார். 1927ல் ஒரு சிறு துப்பாக்கி செய்தார். அதற்கு இரண்டு விசைகள். ஒன்றை இழுத்தால் ஒரே குண்டு, மற்றதை இழுத்தால் தொடர்ச்சியாகக் குண்டுகள். புதுத் தோட்டா தேடாமல், ராணுவத்தின் நாகான் ரிவால்வர் தோட்டாவையே அதற்கு வைத்துக்கொண்டார். சிக்கனமான யோசனைதான். ஆனால் சங்கடம் அங்கேதான் பிறந்தது.

ரிவால்வரில் ஏழு தோட்டாக்களும் தனித்தனித் துளைகளில் உட்காருகின்றன. தோட்டா துளைக்குள் நழுவிப் போகாமல் அதன் அடி விளிம்பு தாங்குகிறது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் தோட்டாக் கூட்டிலோ, அதே விளிம்பு பகையாகிறது. மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் மாட்டினால், துப்பாக்கி நின்றுவிடும். நாகான் தோட்டாவில் இன்னொரு தொல்லையும் உண்டு. அதன் குண்டு பித்தளைக் குப்பிக்குள் முழுதும் மறைந்திருக்கும். குழலுக்குள் வழிகாட்டிச் செல்லக் கூர்முனை இல்லை. மொட்டை வாய் முட்டிக்கொள்ளும்.

அந்தத் துப்பாக்கி படைக்குப் போகவில்லை. செய்தவனின் கைக்குற்றம் என்று யாரும் வேலையை மூடிவிடவில்லை. குற்றம் தோட்டாவில் என்று கண்டு, தோட்டாவையே மாற்றினார்கள். ஜெர்மன் மௌசர் தோட்டாவை ஒட்டி, துருத்தும் விளிம்பில்லாத 7.62 மில்லிமீட்டர் தோட்டா வந்தது. அதற்கேற்ற டிடி கைத்துப்பாக்கியை 1930ல் தந்தவரும் தோக்கரேவ்தான். பின்னாளில் நாஜிகளை எதிர்த்து நின்ற ஷ்பாகின் துப்பாக்கியும் அந்தத் தோட்டாவையே சுட்டது.

நீள் துப்பாக்கியின் பழைய விளிம்புத் தோட்டாவை மட்டும் நாடு கைவிடவில்லை. கோடிக்கணக்கில் இருந்ததை எறிய முடியுமா? அந்தத் தோட்டாவுக்கே தானியங்கித் துப்பாக்கி செய்தார் தோக்கரேவ். பத்துத் தோட்டாக்களும் விளிம்பு மாட்டாமல் ஏறும்படி கூட்டை அமைத்தார். 1939ல் அது படைக்கு ஏற்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது அறுபத்தேழு. அவசரமாகப் பயிற்சி பெற்ற வீரர்களுக்கு அதைப் பராமரிப்பது கடினமாக இருந்தது என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. 1940ல் சோஷலிஸ்ட் உழைப்பு வீரர் பட்டம் அவரைத் தேடி வந்தது.

யுத்தம் முடிந்த பின் அந்த முதியவர் அகன்ற காட்சியை ஒரே படத்தில் பிடிக்கும் காமிரா ஒன்றை உருவாக்கினார். 1968ல் மறைந்தார்.

வேலை கெட்டால் முதலில் தொழிலாளியின் கையைத்தான் குறை சொல்கிறார்கள். கொடுத்த பொருளையும் பார்க்கச் சொல்லும் உரிமை நமக்கு உண்டு. அந்தத் தோட்டாவின் விளிம்பு நமக்குச் சொல்வது இதுதான்.