ஈயின் சிறகில் ஒரு வரலாறு

மரத்தில் வழிந்த பிசினில் சிக்கிய ஈ ஒன்று, அப்பிசின் இறுகி அம்பராக மாறியபின், பல கோடி ஆண்டுகள் உருக்குலையாமல் கிடக்கிறது. அது எந்த இனம்? இன்றைய ஈக்களுள் அதன் உறவு எது? இவ்வினாக்களுக்கு விடைகாணும் நெறியை வகுத்தளித்தவர் ஜெர்மானியப் பூச்சியியல் அறிஞர் வில்லி ஹென்னிக்.

சாக்சனிப் பகுதியில் தொடர்வண்டித் தொழிலாளி ஒருவரின் மகனாக 1913ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் நாள் பிறந்தார். லைப்சிக் பல்கலைக்கழகத்தில் பயின்றார். ஈக்களின் ஆய்வே அவர்தம் வாழ்நாள் பணியாயிற்று. இரண்டாம் உலகப்போர் அவரைக் களத்திற்கு இழுத்துச் சென்றது. 1942இல் காயமுற்றார், 1945இல் இத்தாலியில் பிரித்தானியரின் போர்க்கைதியானார். அந்நிலையிலும் சோர்வடையாமல், தம் கோட்பாட்டு நூலின் முதல் வரைவை எழுதினார். அந்நூல் 1950இல் வெளிவந்தது.

தோற்ற ஒற்றுமை வேறு, உறவு வேறு என்பதே அக்கோட்பாட்டின் உயிர். ஆறு கால்கள் பூச்சிகள் அனைத்திற்கும் மூதாதையர் விட்டுச்சென்ற பொதுச்சொத்து. அதனைக் கொண்டு இரண்டு ஈக்களை நெருங்கிய உறவினர் எனல் இயலாது. ஒரு மூதாதையிடம் புதிதாகத் தோன்றி, அதன் வழித்தோன்றல்கள் மட்டும் பகிர்ந்துகொள்ளும் பண்பே உறவுக்குச் சான்றாகும்.

கல்லில் பதிந்த ஈக்களில் பெரும்பாலும் சிறகே எஞ்சும். ஆதலால் சிறகு நரம்பு எங்கே கிளைக்கிறது, எங்கே இணைகிறது, எது மறைந்துள்ளது என்பவற்றைப் பண்டைய புதைபடிவங்களோடு ஒப்பிட்டு 1954இல் விரிவான ஆய்வை வெளியிட்டார். அம்பரிலுள்ள ஈக்களில் உணர்கொம்பின் கணுக்களையும் தலை, மார்பு ஆகியவற்றின் முள்மயிர்களையும் நுணுகி நோக்கினார்.

மேற்கு பெர்லினில் குடியிருந்த அவர், கிழக்கு பெர்லினில் பணியாற்றி வந்தார். 1961இல் எழுந்த சுவர் வீட்டையும் பணியிடத்தையும் பிரித்தது. பல ஆண்டுகள் உழைத்த நிறுவனத்தைத் துறந்த அவர், 1963இல் ஸ்டுட்கார்ட் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் சேர்ந்தார். ஏறத்தாழ 4 கோடி ஆண்டுப் பழமையுடைய பால்டிக் அம்பரிலும், 12 கோடி ஆண்டுகளுக்கும் முந்திய லெபனான் அம்பரிலும் உள்ள ஈக்களை ஆராய்ந்தார். பழமையானது என்பதாலேயே ஒரு புதைபடிவத்தை இன்றைய இனத்தின் மூதாதை என அவர் கொள்ளவில்லை. ஒரு கிளைக்கே உரிய புதுப்பண்பு அதில் காணப்பட்டால், அக்கிளை அக்காலத்திற்கு முன்பே பிரிந்துவிட்டது என்று தெளிந்தார்.

1966இல் அவருடைய கோட்பாடு ஆங்கிலத்தில் வெளிவந்தது. கடும் விவாதங்களைக் கடந்து அது உலகெங்கும் பரவியது. 1976ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் நாள் ஹென்னிக் மறைந்தார். எனினும், ஈக்களிடம் அவர் கற்ற நெறியே இன்று உயிரினங்கள் அனைத்தின் உறவுமுறையையும் அறிய வழிகாட்டி நிற்கிறது.