காத்திருந்த மேய்ப்பர்

தேவன் அன்பும் நீடிய பொறுமையும் உள்ளவர் என்றால், மனந்திரும்புதலுக்கான அழைப்பு எதற்கு? பொறுமை மெய்யானால் கண்டிப்பு வேண்டுவதில்லையே. கண்டிப்பு மெய்யானால் பொறுமைக்கு இடமேது? விசுவாசிகள் பலருடைய உள்ளத்தில் எழும் இக்கேள்விக்கு நிக்கோபார் தீவுகளின் பேராயர் ஜான் ரிச்சர்ட்சனின் வாழ்வு அமைதியாக விடை பகர்கின்றது.

1884-ஆம் ஆண்டு கார் நிக்கோபாரிலுள்ள மூஸ் கிராமத்தில் அவர் பிறந்தார். இயற்பெயர் ஹச்செவ்கா. நோயும் மரணமும் ஆவிகளின் செயல் என்று அஞ்சிய சமூகம் அது. அங்கே பள்ளி நடத்திய தமிழ் உபதேசியார் வேதப்பன் சாலொமோன் அச்சிறுவனுக்குக் கல்வி அளித்தார். பின்னர்ப் பர்மாவிலுள்ள மாந்தளைக்குப் படிக்க அனுப்பினார்.

1912-இல் ரிச்சர்ட்சன் ஆசிரியராகவும் உபதேசியாராகவும் தாய்மண்ணுக்குத் திரும்பினார். பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தார், இளைஞருக்குக் கால்பந்தாட்டம் பழக்கினார். 1934-இல் குருப்பட்டம் பெற்றார். ஆண்டுகள் பல கடந்தும் ஞானஸ்நானம் பெற்றோர் சிலரே. ஆயினும் அவர் எவரையும் வற்புறுத்தவில்லை. அழைப்பதை நிறுத்தவும் இல்லை.

கனி கொடாத அத்திமரத்தைப் பற்றி இயேசு பெருமான் கூறிய உவமையை இங்கே நினைவுகூரலாம். மரத்தை வெட்டிவிடும்படி உரிமையாளர் சொன்னபோது, தோட்டக்காரன் இன்னும் ஓர் ஆண்டு தவணை கேட்டான். அந்த ஆண்டில் அவன் வாளாவிருக்க விரும்பவில்லை; சுற்றிலும் கொத்தி எருவிட விரும்பினான். தவணை கேட்டது அன்பு. கனியை எதிர்பார்த்ததும் அதே அன்புதான். மரம் வாழவேண்டும் என்று விரும்புகிறவனே அது காய்க்கவேண்டும் என்றும் விரும்புகிறான். ரிச்சர்ட்சனின் பள்ளியும் விளையாட்டுத் திடலும் அவ்வாறு கொத்தி எருவிட்ட இடங்களே.

பின்னர்ச் சோதனைக் காலம் வந்தது. 1942 முதல் 1945 வரை தீவுகள் ஜப்பானியர் வசமிருந்தன. ஒற்றர் என்ற ஐயத்தின் பேரில் நிக்கோபாரியர் பலர் வதைக்கப்பட்டனர், பலர் கொல்லப்பட்டனர். ரிச்சர்ட்சனும் மரணத்தின் விளிம்புவரை சென்று மீண்டார். துன்பத்தில் தங்களை விட்டு அகலாத மேய்ப்பரை மக்கள் கண்டனர். போருக்குப்பின் கார் நிக்கோபார் மக்களுள் மிகப் பெரும்பாலோர் திருச்சபையில் சேர்ந்தனர். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒலித்த அழைப்பு அப்போது செவிகளில் ஏறிற்று.

1950-இல் அவர் உதவிப் பேராயராக அருட்பொழிவு பெற்றார். 1966-இல் அந்தமான் நிக்கோபார் மறைமாவட்டத்தின் முதற் பேராயரானார். வேதாகமத்தைத் தம் மக்களின் மொழியில் தரப் பெரிதும் உழைத்தார். முதல் மக்களவையில் அத்தீவுகளின் நியமன உறுப்பினராக விளங்கினார். பத்மஸ்ரீ, பத்மபூஷண் விருதுகளும் அவரை நாடி வந்தன. 1978-இல் இறைவனடி சேர்ந்தார். கார் நிக்கோபாரின் மருத்துவமனை இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

அன்பானவர்களே, தேவனுடைய பொறுமை நம் பாவத்திற்கு அவர் தரும் சம்மதம் அன்று. நாம் திரும்பி வருவதற்காக அவர் திறந்து வைத்திருக்கும் வாசல். திறந்த வாசலில் நின்று தந்தை பிள்ளையைப் பெயர்சொல்லி அழைக்கிறார். அந்தக் குரலில் கண்டிப்பைக் கேட்கிறவர்கள், அவர் எத்தனை காலமாய் அங்கே நின்றுகொண்டிருக்கிறார் என்பதையும் எண்ணிப் பார்ப்பார்களாக. தவணை நமக்கும் உண்டு. அது இன்றைய நாள்.