சிறு செயலிற் பெரியார்

ஆங்கில மொழிக்குப் பேரகராதி இயற்றியவர் என்றே சாமுவேல் ஜான்ஸனை நம் மாணாக்கர் அறிவர். அவரது நூற்புலமையைப் போற்றுவார் பலர். யாமோ, அவர்தம் சிறு செயல்கள் சிலவற்றையே ஈண்டு எடுத்துரைக்கக் கருதினோம்.

இவர் 1709-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் இங்கிலாந்தில் லிச்பீல்டு என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் மைக்கேல் ஜான்ஸன் ஒரு புத்தக வியாபாரி. சந்தை நாட்களில் அயலூர்களுக்குச் சென்று கடை விரிப்பவர். கண்டமாலை நோயால் மைந்தரின் முகம் வடுப்பட்டது, பார்வையும் மங்கிற்று. 1728-ல் ஆக்ஸ்போர்டிற் சேர்ந்தும், வறுமையால் மறு ஆண்டே கல்வியைக் கைவிட்டு மீண்டார். 1731-ல் தந்தையார் காலமானார். 1737-ல் லண்டன் மாநகர் புகுந்து, எழுதுகோலே துணையாக வாழ்ந்து, 1755-ல் தம் அகராதியை வெளியிட்டார்.

அவ்வகராதியில், குதிரைக் காலின் ஓர் உறுப்பிற்குப் பிழையாகப் பொருள் எழுதியிருந்தார். காரணம் யாதென ஒரு பெருமாட்டி வினவியபோது, தம் அறியாமையே என்று ஒப்புக்கொண்டார். அச்சகத்தார் மீதோ உதவியாளர் மீதோ பழி சுமத்தினாரல்லர்.

வாதத்தில் அவர் நா கடியது. அதனாற் புண்பட்டோர் உண்டு. எளியாரிடத்திலோ அவர் வேறொருவராயினார். தெருவோரம் உறங்கும் ஏழைச் சிறுவர் கையிற் காசு வைத்துச் செல்வார். விழித்தெழும்போது அவர்கட்குக் காலையுணவு கிட்டுமன்றோ! வீதியிற் சோர்ந்து கிடந்த பெண்ணொருத்தியை முதுகிற் சுமந்து தம் இல்லஞ் சேர்த்து, நலமுறும்வரை பேணினார். தம் பூனைக்குச் சிப்பி வாங்கத் தாமே கடைக்குப் போவார். ஏவலாளரை அனுப்பின் அவர்கள் அவ்வாயில்லாப் பிராணியை வெறுப்பரென அஞ்சினார். ஜமைக்காவில் அடிமையாய்ப் பிறந்த பிரான்சிஸ் பார்பர் என்னும் பணியாளரைப் பள்ளிக்கனுப்பிக் கற்பித்து, தம் சொத்தின் பெரும்பகுதியை அவருக்கே எழுதிவைத்தார்.

இளமையில் ஒருகால், யூட்டாக்ஸிட்டர் சந்தைக்கு உடன்வருமாறு தந்தையார் அழைத்தார், மைந்தர் மறுத்தார். செருக்கே அதற்குக் காரணம். தந்தை மறைந்தும் அம்மறுப்பு மறையவில்லை. புகழ் முற்றிய முதுமையில், அடாத மழையில் அவ்வூருக்குச் சென்று, தந்தையாரின் கடை இருந்த இடத்தில் தலைக்கு மூடியின்றி நெடுநேரம் நனைந்து நின்றார். மன்னிக்கத் தந்தை இல்லை. ஆயினும் கடனைத் தீர்க்க மைந்தர் இருந்தார். 1784-ஆம் ஆண்டு டிசம்பர் 13-ஆம் நாள் உயிர்நீத்தார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கஞ் செய்யப்பெற்றார்.

யாம் மாணாக்கராய் இருந்த நாளில், மூட்டையுடன் விடுதி வாயிலில் வந்து நின்ற எம் தந்தையாரை, ஊரார் ஒருவரெனத் தோழரிடம் சொல்லிவிட்டோம். அது அவர் செவியில் விழுந்ததோ என்பதை இன்று கேட்டறிய வழியில்லை. இளைஞர்காள்! உங்கள் வாயிலில் மூட்டையுடன் ஒருவர் வந்து நிற்கும்போது, விரைந்து சென்று அதனை வாங்கிக்கொள்ளுங்கள். வந்தவர் இன்னாரென்று எல்லாரும் கேட்கச் சொல்லுங்கள். மழையில் நிற்கவேண்டிய தேவை உங்கட்கு வாராதொழிக.