விழக் கற்பித்த ஆசான் ஜிகோரோ கானோ

வீரம் என்றவுடன் பிறரை வீழ்த்துவதே நம் நினைவுக்கு வருகிறது. ஆனால் விழுவது எப்படி என்பதை முதலில் கற்பித்து, அதன் பின்னரே வீழ்த்தும் கலையைக் கற்பித்த ஆசான் ஒருவர் ஜப்பான் நாட்டில் வாழ்ந்தார். அவரே ஜூடோக் கலையின் தந்தை ஜிகோரோ கானோ.

இவர் 1860-ஆம் ஆண்டு, கோபே நகரை அடுத்த மிகாகே என்னும் ஊரில், அரிசி மது வடித்து வணிகம் செய்த வளமான குடும்பத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே அன்னையை இழந்தார். பின்பு டோக்கியோ சென்று விடுதிப் பள்ளியில் சேர்ந்தார். படிப்பில் சிறந்து விளங்கினார். ஆனால் குள்ளமான, மெலிந்த உடல். வலிமை மிக்க மாணவர்கள் அவரை அடித்துத் துன்புறுத்தினர். வலியவனை எளியவன் வெல்லும் வழி ஒன்று உண்டா என்ற ஏக்கம் அவர் உள்ளத்தில் பிறந்தது.

ஜுஜுட்சு என்னும் பழைய மற்கலை அத்தகைய வழி என்று கேள்வியுற்றார். ஆனால் 1868-இல் மெய்ஜி ஆட்சி மலர்ந்தபின் சாமுராய் வீரர்களின் கலைகள் மதிப்பிழந்திருந்தன. அவற்றைக் கற்பித்த ஆசான்கள் பலர் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போட்டுப் பிழைத்து வந்தனர். அத்தகைய வைத்தியர் ஒருவரே ஹச்சினோசுகே ஃபுகுடா. 1877-இல் கானோ அவரிடம் மாணவரானார். அங்கே தம்மைவிடப் பருத்த மாணவன் ஒருவனை வெல்ல இயலாதபோது, நூலகம் சென்று மேனாட்டு மல்யுத்த நூல்களைப் புரட்டி, புதியதோர் உத்தியைக் கண்டறிந்து வென்றார். வலிமைக்கு அறிவு துணை நின்றது.

டோக்கியோ பல்கலைக்கழகத்தில் படிப்பை முடிக்கும் காலத்தில், 1882-இல், எய்ஷோஜி என்னும் புத்த ஆலயத்தில் பன்னிரண்டு பாய்கள் விரித்த சிறு கூடத்தில் தம் பயிற்சிக் கூடத்தைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 21. முதல் ஆண்டில் சேர்ந்தோர் ஒன்பதே பேர். நெறியைக் கற்கும் கூடம் என்னும் பொருளில் அதற்குக் கோடோகன் என்று பெயரிட்டார்.

இத்தகைய கூடத்தை ஜப்பானியர் டோஜோ என்பர். டோ என்றால் நெறி. ஜோ என்றால் இடம். புத்தர் மெய்ஞ்ஞானம் பெற்ற இடத்தைக் குறிக்கும் வடமொழிச் சொல்லுக்கு இணையாகப் பௌத்தர் வழங்கிய சொல் இது. பின்னரே போர்க்கலைக் கூடங்களுக்கும் இப்பெயர் வந்தது. எனவே அங்கு நுழைபவர் தலை வணங்குவர். காலணி அணிந்து பாயில் மிதியார். கூடத்தைத் தாமே தூய்மை செய்வர். எதிரில் நிற்பவர் பகைவர் அல்லர். தம் உடலை நம்பி ஒப்படைக்கும் தோழர். ஆதலால் பயிற்சியின் முன்னும் பின்னும் அவரையும் வணங்குவர்.

உயிருக்கு ஊறு செய்யும் உத்திகளைக் கானோ மோதல் பயிற்சியிலிருந்து நீக்கினார். அடிபடாமல் விழும் முறையை முதற்பாடமாக்கினார். எதிராளியின் நிலை தடுமாறும் நொடியை அறிந்தால் சிறு முயற்சியே போதும் என்று கண்டார். உடலும் மனமும் பெற்ற ஆற்றலை நன்கு பயன்படுத்துவது, தானும் பிறரும் சேர்ந்து உயர்வது என்னும் இரண்டுமே அவர் வகுத்த நெறிகள். சொற்பொழிவும் வினா விடையும் கூடத் தம் கலையின் பகுதிகளே என்றார். பழிவாங்க வலிமை தேடிய சிறுவன், பகைமையற்ற பள்ளி ஒன்றை எழுப்பிவிட்டான்!

கல்வியே அவர் வாழ்க்கைப் பணி. டோக்கியோ உயர் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியின் தலைவராக இருபது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றினார். சீன நாட்டு மாணவருக்கெனத் தனிப் பள்ளி நடத்தினார். 1909-இல் பன்னாட்டு ஒலிம்பிக் குழுவின் முதல் ஆசிய உறுப்பினரானார்.

பெண்களுக்கும் அவர் கூடத்தில் இடம் அளித்தார். 1893-லேயே பெண் ஒருவர் மாணவியாகச் சேர்ந்தார்; 1926-இல் கோடோகனில் மகளிர் பிரிவு முறையாகத் தொடங்கிற்று. 1935-இல் அங்கு சேர்ந்தவருள் ஒருவர் கெய்கோ ஃபுகுடா. கானோவின் முதல் ஆசானுடைய பேர்த்தி இவர். கானோவே நேரில் அழைத்தார். ஆயினும் கதவு முழுவதும் திறந்துவிடவில்லை. பெண்களுக்குப் போட்டிகள் மறுக்கப்பட்டன. ஐந்தாம் நிலைக்கு மேல் பெண்கள் உயர இயலாது என்று கூறி, ஃபுகுடாவை 1953 முதல் 1972 வரை அதே நிலையில் நிறுத்தி வைத்தனர். அவர் கசந்து விலகவில்லை. அமெரிக்கா சென்று முதுமையிலும் கற்பித்தார். 2011-இல், 98-ஆம் வயதில், அமெரிக்க ஜூடோ அமைப்பு அவருக்கு மிக உயர்ந்த பத்தாம் நிலையை வழங்கியது. உலகில் அந்நிலை பெற்ற முதற்பெண் அவரே. 2013-இல் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

டோக்கியோவில் ஒலிம்பிக் நடைபெற வேண்டும் என்று உழைத்த கானோ, கெய்ரோவில் நடந்த கூட்டத்திற்குச் சென்று தாயகம் திரும்பும் வழியில், 1938 மே 4 அன்று கப்பலிலேயே உயிர் துறந்தார். போர் மூண்டிருந்ததால் 1940-ஆம் ஆண்டுப் போட்டியை ஜப்பான் அவ்வாண்டே கைவிட்டது. அவர் கனவு 1964-இல் நனவாயிற்று; அப்போது ஜூடோவும் ஒலிம்பிக்கில் இடம் பெற்றது, ஆடவருக்கு மட்டும். பெண்களுக்கு அவ்வாய்ப்பு 1992-இல் பார்சிலோனாவில்தான் கிட்டியது.

அன்பு மாணவியரே! கானோ கிறிஸ்தவர் அல்லர். ஆயினும் நம் ஆண்டவர் கற்பித்த பிறரன்பின் சாயலை அவர் கூடத்தில் காண்கிறோம். நம் வகுப்பறையும் ஒரு டோஜோவே. தேர்வில் ஒரு முறை விழுந்தவள் எழுவதற்குக் கை கொடுப்பதும், முந்திச் செல்பவளை மனமார வணங்குவதும், அடைத்த கதவின் முன் கசப்பின்றிக் காத்து உழைப்பதும் இங்கு நாம் பெற வேண்டிய பயிற்சிகள். விழுந்தாலும் எழக் கற்றவளை எவரும் வீழ்த்திவிட முடியாது.