நின்றது ஆலை, நிற்கவில்லை கூலி!

முதலாளி கதையா என்று முகம் சுளிக்காதீர், தோழர்களே! 1771-ல் வேல்ஸ் நாட்டில் பிறந்த இராபர்ட் ஓவன், 10 வயதிலேயே வீட்டைவிட்டுக் கிளம்பித் துணிக்கடையில் வேலை பார்த்தவர். 1800-ல் ஸ்காட்லாந்தின் நியூ லானார்க் பஞ்சாலைக்கு நிர்வாகியானார்; பங்காளியும் அவரே.

தொழிலாளர் அவரை நம்பவில்லை. எப்படி நம்புவர், பட்டபாடு அப்படி! பிறகொருமுறை அமெரிக்கப் பருத்தி வரத்து தடைப்பட்டது. நான்கு மாதம் ஆலை ஓடவில்லை. வேறொருவனாயின் வாசலைக் காட்டியிருப்பான். ஓவனோ, இயந்திரங்களைத் துடைத்து வைக்கும் வேலைக்கே முழுக் கூலி கொடுத்தார், 7,000 பவுனுக்கு மேல்! அன்று பிறந்தது நம்பிக்கை. 10 வயதுக்குட்பட்ட சிறுவரை ஆலைக்கு எடுக்காமல் பள்ளிக்கு அனுப்பினார். வேலை நேரத்தை 10¾ மணியாக்கினார். ஆலை நொடித்ததோ? இலாபம் கொழித்தது!

மற்ற முதலாளிகள் ஏன் பின்பற்றவில்லை? நான் நேரத்தைக் குறைத்து, அடுத்த ஆலைக்காரன் குறைக்காவிட்டால், அவன் மலிவாக விற்று என் சந்தையைப் பறிப்பானே என்ற அச்சம். எல்லோரும் ஒருசேரக் குறைத்தால் எவனுக்கும் இழப்பில்லை. ஆனால் முதலில் குறைப்பவன் எவன்? போட்டியின் பொறி இது. பொருளியலார் பின்னாளில் ஆட்டக் கோட்பாடு என்று கணக்குப் போட்டுக் காட்டியதை, ஓவன் ஆலை முற்றத்திலேயே கண்டார். அனைவரையும் கட்டும் சட்டம் கேட்டு 1815-ல் கிளம்பினார். 1819-ல் வந்தது சட்டம், பல் பிடுங்கிய பாம்பாக! வயது வரம்பு 9; பஞ்சாலைக்கு மட்டும்; மேற்பார்க்கத் தனி அதிகாரி இல்லை.

இதற்கிடையே 1817-ல், மதங்கள் யாவும் பிழை என்று லண்டன் கூட்டத்தில் முழங்கினார். பெரிய இடத்தார் பலர் முகம் திருப்பினர். 1825-ல் அமெரிக்காவில் கூடி வாழும் ஊர் அமைத்தார். உழைப்பவன் யார், உண்பவன் யார் என்று பாராமல் வந்தவரையெல்லாம் சேர்த்தார். அது தவறுதான், மறைப்பானேன்? மூன்றாண்டில் குலைந்தது, சொத்தில் பெரும்பகுதியும் கரைந்தது.

1844-ல் ராச்டேல் நகரில் நெசவாளரும் பிறருமாக 28 பேர், ஆளுக்கொரு பவுன் போட்டுக் கூட்டுறவுக் கடை திறந்தனர். வாங்கிய சரக்குக்குத் தக்கபடி இலாபத்தில் பங்கு! 1858-ல் ஓவன் பிறந்த ஊரிலேயே கண்மூடியபோதும், அந்தக் கடை நடந்துகொண்டிருந்தது.