கார் ஏ.சி.யில் சூடான காத்து வருதா? அந்த ‘கேஸ்’ தந்தவரின் கதை இதுதான்!

ஏப்ரல் மதியம். சேலத்திலிருந்து நாமக்கல் போகும் ஹைவேயில் ஏ.சி.யை ஃபுல்லா வச்சும் சூடான காத்துதான் வருது. மெக்கானிக் முதலில் சந்தேகப்படுவது கேஸைத்தான். கார் ஏ.சி.க்கு அந்த கேஸ் வரக் காரணமானவர் தாமஸ் மிட்ஜ்லி.

1889-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பிறந்தவர். படிச்சது மெக்கானிக்கல் இன்ஜினீயரிங், பேர் வாங்கினது கெமிஸ்ட்ரியில். ஜெனரல் மோட்டார்ஸில் இருந்தபோது, இன்ஜின் ‘நாக்கிங்’கை நிறுத்த 1921-ல் பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலந்து பார்த்தார். இன்ஜின் அமைதியானது, காற்று விஷமானது. இந்தியாவில் ஈய பெட்ரோல் நின்றது 2000-ல்தான்.

அடுத்த வேலை ஃப்ரிட்ஜ். அப்போது அதில் இருந்தது அம்மோனியா, சல்ஃபர் டை ஆக்ஸைடு போன்றவை. லீக் ஆனால் உயிருக்கே ஆபத்து. 1928-ல் மிட்ஜ்லி குழு ஒரு மாற்று கேஸைப் பிடித்தது. விஷம் இல்லை, தீயும் பிடிக்காது. 1930-ல் விஞ்ஞானிகள் கூட்டத்தில் அதை மூச்சுக்குள் இழுத்து, எரியும் மெழுகுவர்த்தி மேல் ஊதி அணைத்தே காட்டினார் மனுஷன்! அதுதான் ஃப்ரியான், ஆர்-12.

1940 மாடல் பேக்கர்ட் கார்களில் ஏ.சி. வந்தது. அதில் கம்ப்ரஸரை நிறுத்த, பானட்டைத் திறந்து பெல்ட்டையே கழற்றணும். அதே 1940-ல் மிட்ஜ்லியை போலியோ முடக்கியது. படுக்கையிலிருந்து எழ, கயிறும் கப்பியும் வைத்து தானே ஒரு அமைப்பு செய்தார். 1944 நவம்பரில் அந்தக் கயிறே கழுத்தை இறுக்கி இறந்தார். வயது 55.

அவர் இறந்து 30 ஆண்டுகள் கழித்து, 1974-ல்தான் இந்த வகை கேஸ்கள் ஓசோனை அரிக்கும் என்று மொலினா, ரோலண்ட் காட்டினர். 1987 மான்ட்ரியல் ஒப்பந்தம் அவற்றுக்கு முடிவு கட்டியது. பிறகு வந்த ஆர்-134ஏ ஓசோனைத் தொடாது. ஆனால் பூமியைச் சூடாக்குவதில் கார்பன் டை ஆக்ஸைடைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல்!

சரி, உங்க காருக்கு வருவோம். கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீராது, மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றும். சீக்கிரமே குறைஞ்சா எங்கேயோ லீக். ஹோஸ், ஓ-ரிங், கண்டென்சர் எதில் என்று பார்க்காமல் கேஸ் மட்டும் ஏத்தினா, காசும் கேஸும் காத்தோடு போச்சு. ஓடும்போது குளிர்ந்து, சிக்னலில் நின்றால் மட்டும் சூடாகுதா? கேஸுக்கு முன்னாடி கண்டென்சர் ஃபேனைப் பாருங்க. கம்ப்ரஸர் கிளட்ச் பிடிக்கலைன்னா ஃபியூஸ், ரிலேயையும் செக் பண்ணச் சொல்லுங்க.

2025 அக்டோபர் முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளுக்கும் கேபின் ஏ.சி. கட்டாயம். லாரிக்கு பாடி கட்டும் நாமக்கல் பட்டறைகளுக்கும் இனி இந்த லீக் டெஸ்ட் வேலை வந்து சேரும்.