டாக்டர் வீட்டுப் பையன்

சென்ற ஆண்டு நம் சங்கம் ஏற்பாடு செய்திருந்த கூட்டத்தில் முதலாண்டு மாணவர்களோடு பேச எனக்கும் ஒரு வாய்ப்புக் கிடைத்தது. பேசி முடித்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு தம்பி தயங்கித் தயங்கி வந்தான். கட்-ஆஃபுக்குக் கிடைத்த டிபார்ட்மென்டில் சேர்ந்துவிட்டானாம். மனசு ஒட்டவே இல்லையாம். விட்டுவிட்டு வேறு படிக்கலாமா, பல்லைக் கடித்துக்கொண்டு முடித்துவிடலாமா என்று கேட்டான். மேடையில் பேசிய வேகம் எனக்கு இன்னும் இறங்கவில்லை. மனசுக்குப் பிடித்ததைச் செய் தம்பி என்று சொல்லித் தோளில் தட்டினேன். அவன் நகரவில்லை. அப்பா கல்விக் கடன் வாங்கியிருக்கிறார் அண்ணா என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று கிளம்பி வந்துவிட்டேன்.

மலருக்குக் கட்டுரை கேட்டுச் செயலாளர் போன் செய்தபோது அந்தத் தம்பி முகம்தான் ஞாபகம் வந்தது. அன்று அவனுக்கு ஒரு கதையாவது சொல்லியிருக்கலாம். சார்லஸ் டார்வினின் கதை. பாடப் புத்தகத்தில் வெள்ளைத் தாடியோடு உட்கார்ந்திருப்பாரே, அவர்தான். ஆனால் நான் சொல்லப்போவது தாடி முளைக்காத காலத்து டார்வினை.

இங்கிலாந்தில் ஷ்ரூஸ்பரி என்ற ஊரில் 1809 பிப்ரவரி 12-ம் தேதி பிறந்தவர். அப்பா ராபர்ட் டார்வின் அந்தப் பகுதியில் பேர் பெற்ற டாக்டர். தாத்தா எராஸ்மஸ் டார்வினும் டாக்டர். அண்ணனும் மருத்துவம்தான் படித்தான். அப்படிப்பட்ட வீட்டில் இரண்டாவது பையன் என்ன படிப்பான் என்று யாரும் யோசிக்கவே வேண்டியதில்லை, நம்மூர் டாக்டர் வீடுகள் மாதிரியேதான்.

பள்ளிக்கூடத்தில் பையன் சுமார். அங்கே லத்தீனும் கிரேக்கமும்தான் படிப்பு. மனப்பாடம் செய்து ஒப்பிக்க வேண்டும். வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையில் அண்ணனோடு சேர்ந்து கெமிஸ்ட்ரி சோதனை செய்வது மட்டும் பிடித்திருந்தது. அதனால் கூடப் படித்த பசங்க அவனுக்கு கேஸ் என்று பட்டப்பெயர் வைத்தார்கள். உருப்படாத விஷயத்தில் நேரம் போக்குகிறான் என்று தலைமையாசிரியர் எல்லார் முன்னாலும் கண்டித்தார். துப்பாக்கி, நாய், எலி பிடிப்பது, இதைத் தவிர உனக்கு எதுவும் தெரியாது, குடும்ப மானத்தையே வாங்கப்போகிறாய் என்கிற மாதிரி அப்பாவும் ஒரு நாள் பொரிந்து தள்ளினார்.

பதினாறு வயசில், 1825 அக்டோபரில், எடின்பரோவுக்கு மருத்துவம் படிக்க அனுப்பிவிட்டார்கள். அதற்கு முந்தின கோடை விடுமுறையில் அப்பாவின் மேற்பார்வையில் ஊரில் பத்துப் பன்னிரண்டு ஏழை நோயாளிகளை அவன் கவனித்துக்கொண்டிருக்கிறான். நோயாளியிடம் விவரம் கேட்டு எழுதிக்கொள்வதில் கெட்டிக்காரன் என்று அப்பாவுக்கே ஒரு நம்பிக்கை வந்திருக்கிறது. ஆக, ஆள் தேறமாட்டான் என்று சொல்ல முடியாது.

எடின்பரோவில்தான் எல்லாம் கெட்டது. உடற்கூறு வகுப்பு சலிப்பு. பிணத்தைத் தொடவே அருவருப்பு. ஆபரேஷன் பார்க்க இரண்டு தடவை போனான். அதில் ஒன்று ஒரு சின்னக் குழந்தைக்கு. அப்போது மயக்க மருந்து கிடையாது. குளோரோஃபார்ம் வந்தது 1847-ல், அதுவும் அதே எடின்பரோவில். முடியும்வரை நிற்க முடியாமல் வெளியே ஓடி வந்தவன் மறுபடி அந்தப் பக்கம் போகவே இல்லை. அந்தக் காட்சி பல வருஷம் அவரை விடவில்லை.

அங்கே இன்னொன்றும் நடந்தது. நிலவியல் பற்றி ஒரு பேராசிரியர் நடத்திய வகுப்பு அவ்வளவு வறட்சியாக இருந்ததாம். வாழ்நாளில் நிலவியல் புத்தகத்தைத் தொடமாட்டேன் என்று பையன் முடிவு கட்டிவிட்டான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

வகுப்புக்கு வெளியே அந்தப் பையன் என்ன செய்துகொண்டிருந்தான் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஜான் எட்மன்ஸ்டன் என்று ஒருவர். தென் அமெரிக்காவின் கயானாவில் அடிமையாக இருந்து விடுதலை பெற்று எடின்பரோவுக்கு வந்தவர். பறவைகளைப் பாடம் செய்து பிழைத்தார். டார்வின் காசு கொடுத்து அவரிடம் தினம் ஒரு மணி நேரம் அந்த வேலையைக் கற்றுக்கொண்டான். ராபர்ட் கிராண்ட் என்ற விலங்கியல் ஆராய்ச்சியாளரோடு கடற்கரைக் குட்டைகளில் அலைந்தான். மீனவர்களோடு படகில் போய் வலையில் வந்ததையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்தான். 1827 மார்ச்சில், 18 வயசில், மாணவர் சங்கக் கூட்டம் ஒன்றில் தான் கண்டுபிடித்த இரண்டு சின்ன விஷயங்களை எடுத்துச் சொன்னான். கடற்பாசியின் இளம் பருவம் என்று எல்லாரும் நினைத்திருந்த கறுப்பு உருண்டை ஒரு கடல்வாழ் அட்டையின் முட்டைக்கூடு என்பது அதில் ஒன்று. பரீட்சைக்கு இதில் ஒரு மார்க்கும் கிடையாது.

சில வாரத்தில் பட்டம் வாங்காமலே ஊர் திரும்பிவிட்டான்.

இங்கே ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். வசதியாக வாழும் அளவுக்கு அப்பாவின் சொத்து தனக்கு வரும் என்று எடின்பரோவில் இருக்கும்போதே அவருக்குத் தெரிந்துவிட்டது. அது தெரிந்த பிறகு மருத்துவத்தில் முட்டி மோத மனசு வரவில்லை என்று அவரே பின்னாளில் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். 1876-ல் குடும்பத்தாருக்காக எழுதிய அந்தப் புத்தகத்தை நான் நம் கல்லூரி நூலகத்தில்தான் எடுத்துப் படித்தேன். அவருக்குக் கல்விக் கடன் இல்லை. டார்வின் படிப்பை விட்டாரே என்று நம் பசங்களுக்கு உதாரணம் காட்டுகிறவர்கள் இந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அந்தத் தம்பியிடம் நானும் அதைத்தான் செய்தேன்.

அப்பா அடுத்த யோசனை சொன்னார்: பாதிரியார் ஆகிவிடு. கிராமத்துத் தேவாலயம், கௌரவமான வேலை, நிறைய ஓய்வு நேரம். டார்வின் கொஞ்சம் அவகாசம் கேட்டு, யோசித்து, சம்மதித்தார். அதற்கு முதலில் கேம்பிரிட்ஜில் பி.ஏ. வாங்க வேண்டும். பள்ளியில் படித்த கிரேக்கம் சுத்தமாக மறந்துபோயிருந்ததால் வீட்டில் டியூஷன் வைத்துக்கொண்டு, 1828 தொடக்கத்தில் அங்கே கிறைஸ்ட் கல்லூரிக்குப் போனார்.

இப்போது நீங்கள் கேட்கலாம், அவ்வளவு ஆசை இருந்தால் இயற்கை அறிவியலையே எடுத்திருக்கலாமே என்று. எடுத்திருக்க முடியாது. கேம்பிரிட்ஜில் அப்படியொரு பட்டப் படிப்பே அப்போது கிடையாது. அதற்குத் தனித் தேர்வு வைப்பதென்று பல்கலைக்கழகம் முடிவு செய்தது 1848-ல். தாவரவியல் பேராசிரியர் இருந்தார், வகுப்பும் நடந்தது. ஆனால் அது பட்டத்துக்குக் கணக்கில்லை.

அந்தப் பேராசிரியர்தான் ஜான் ஹென்ஸ்லோ. யாரும் கட்டாயப்படுத்தாத அவர் வகுப்பில் டார்வின் போய் உட்கார்ந்தார். வாரம் ஒரு மாலை அவர் வீட்டில் கூடும் கூட்டத்துக்கும் போனார். கடைசியில் ஹென்ஸ்லோவோடு நடக்கிற ஆள் என்றே அங்குள்ள ஆசிரியர்கள் டார்வினைக் குறிப்பிடும் அளவுக்கு ஆச்சு. மீதி நேரமெல்லாம் வண்டு பிடிப்பது. ஒரு நாள் மரப்பட்டையை உரித்தபோது இரண்டு அபூர்வ வண்டுகள். ஆளுக்கொரு கையில் பிடித்தாயிற்று. மூன்றாவது ஒன்று புதுசாக ஓடுகிறது. வலது கை வண்டை வாயில் போட்டுக்கொண்டு அதைப் பிடிக்கப் போனார். வாயில் இருந்தது எரிச்சலான ஒரு திரவத்தைப் பீய்ச்ச, துப்பவேண்டியதாகி, அதுவும் போச்சு, மூன்றாவதும் போச்சு.

பரீட்சையில் கோட்டை விட்டார் என்று நினைக்காதீர்கள். கணக்கு அவருக்கு வேப்பங்காய். ஆனாலும் கடைசிச் சில மாதம் உட்கார்ந்து படித்து, 1831 ஜனவரியில் ஹானர்ஸ் இல்லாத சாதாரண பி.ஏ.யில் 178 பேரில் பத்தாவதாக வந்தார். பிடிக்காத படிப்பை விட்டு ஓடியவர் இரண்டாவது தடவை முடித்துவிட்டே வெளியே வந்திருக்கிறார். இதை ஏனோ யாரும் சொல்வதில்லை.

அந்த ஆகஸ்டில் ஹென்ஸ்லோவின் ஏற்பாட்டில் ஆடம் செட்ஜ்விக் என்ற நிலவியல் பேராசிரியரோடு வேல்ஸ் மலைப் பகுதியில் பாறைகளைப் பார்க்கப் போனார். திரும்பி வந்தால் வீட்டில் ஒரு கடிதம். பீகிள் என்ற கப்பல் தென் அமெரிக்கக் கடற்கரையை அளக்கப் போகிறது, கேப்டன் ஃபிட்ஸ்ராய்க்குத் துணையாக இயற்கை அறிவியல் தெரிந்த ஒருவர் வேண்டும், போகிறாயா என்று ஹென்ஸ்லோ கேட்டிருந்தார். சம்பளம் கிடையாது.

அப்பா மறுத்துவிட்டார். பாதிரியார் ஆகப்போகிறவனுக்கு இது அழகல்ல, வேறு ஆட்கள் வேண்டாமென்று விட்ட இடம், மறுபடியும் தொழிலை மாற்றுகிறாய், இதற்குப் பிறகு ஒரு இடத்தில் நிலைக்கவே மாட்டாய், இப்படி எட்டு ஆட்சேபம். எனக்கு இந்த அப்பாவைத் திட்ட மனசு வரவில்லை. ஏற்கெனவே ஒரு படிப்புக்குப் பணம் கட்டி நஷ்டப்பட்டவர். 2008-ல் கவுன்சலிங் ஹாலில் திரையைப் பார்த்தபடி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் அப்பாவும் கிட்டத்தட்ட இதே கவலைகளைத்தான் மனசுக்குள் ஓட்டிக்கொண்டிருந்திருப்பார்.

ஆனால் அவர் கதவை முழுக்கச் சாத்தவில்லை. விவரம் தெரிந்த ஒரு மனுஷர் போகலாம் என்று சொன்னால் சம்மதிக்கிறேன் என்றார். பையன் அதற்காகச் சண்டை போடவும் இல்லை. வரமுடியாது என்று ஹென்ஸ்லோவுக்கு எழுதிவிட்டு மாமா ஜோசையா வெட்ஜ்வுட் வீட்டுக்குப் போனார். மாமா எட்டு ஆட்சேபத்தையும் எழுதித் தரச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதி அனுப்பினார். மறுநாளே வண்டி கட்டிக்கொண்டு நேரிலும் போனார். அப்பா இறங்கி வந்தார். செலவையும் அவரே ஏற்றுக்கொண்டார். கேம்பிரிட்ஜில் ஊதாரியாக இருந்த மகன், கப்பலில் அளவுக்கு மீறிச் செலவு செய்ய ரொம்பக் கெட்டிக்காரத்தனம் வேண்டுமே என்று சமாதானம் சொன்னபோது, நீ கெட்டிக்காரன் என்றுதானே ஊரெல்லாம் சொல்கிறார்கள் என்று சிரித்தாராம்.

1831 டிசம்பர் 27-ல் கப்பல் புறப்பட்டது. இரண்டு வருஷம் என்று கிளம்பியது 1836 அக்டோபரில்தான் திரும்பியது. கடல் ஒத்துக்கொள்ளாமல் வழியெல்லாம் வாந்தி. அந்த ஐந்து வருஷமும், பிறகு 1859-ல் வந்த உயிரினங்களின் தோற்றம் என்ற புத்தகமும் நீங்கள் பள்ளியிலேயே படித்தவை. நான் சொல்ல விரும்புவது, கப்பலில் அவருக்கு எது கைகொடுத்தது, எது காலை வாரியது என்பதை.

கைகொடுத்தது எட்மன்ஸ்டனிடம் கற்ற பறவை பாடம் செய்யும் வேலை. கிராண்டோடு குட்டைகளில் அலைந்த பழக்கம். எல்லாவற்றையும்விட, தொடவே மாட்டேன் என்று சபதம் செய்தாரே, அந்த நிலவியல். ஊர் திரும்பியதும் அவருக்கு முதலில் பேர் வாங்கித் தந்ததே அதுதான். 1838 முதல் லண்டன் நிலவியல் சங்கத்தின் செயலாளராகவும் இருந்தார். அவருக்குப் பிடிக்காமல் போனது பாடமா, நடத்திய விதமா? நான்காவது செமஸ்டரில் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸில் அரியர் வைத்தவன் நான். இன்று பம்ப் டிசைனில்தான் எனக்குச் சோறு.

காலை வாரியது அவர் ஓடிவந்த விஷயங்கள். உடலை அறுத்துப் பார்க்கும் பயிற்சி இல்லை, வரையத் தெரியாது. அதனால் கப்பலில் எழுதிய குறிப்புகளில் ஒரு பெரிய கட்டு கிட்டத்தட்ட வீணாகப் போச்சு என்று அவரே வருத்தப்பட்டிருக்கிறார். கணக்கை இன்னும் கொஞ்சமாவது படித்திருக்கலாம் என்ற குறையும் கடைசிவரை இருந்தது. பிறகு 1846 முதல் எட்டு வருஷம், பாறையிலும் கப்பலின் அடியிலும் ஒட்டிக்கொண்டிருக்குமே கொட்டலசு, அதை மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்து அறுத்து அறுத்துப் பார்த்தார். பதினாறு வயசில் விட்ட பாடத்தை முப்பத்தேழு வயசில் உட்கார்ந்து படித்தார் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

அவரே அப்பா ஆனபோது என்ன செய்தார் என்றும் பார்த்தேன். வளர்ந்து ஆளான மகன்கள் ஐந்து பேர். மூத்தவர் பாங்கில். இன்னொருவர் ராணுவத்தின் பொறியாளர் படையில். ஜார்ஜ் சட்டம் படித்துவிட்டுக் கணக்குக்கும் வானியலுக்கும் திரும்பினார். பிரான்சிஸ் மருத்துவத்தை முடித்தே முடித்தார்; ஆனால் ஒரு நாளும் டாக்டராகத் தொழில் செய்யாமல் அப்பாவோடு செடிகளை ஆராய உட்கார்ந்துவிட்டார். அந்த வீட்டில் அதற்கு எட்டு ஆட்சேபம் எழுந்ததாக நான் படிக்கவில்லை.

கடைசி மகன் ஹொரேஸ் நம்ம ஆள், எஞ்சினியர். ஒரு கம்பெனியில் அப்ரன்டிஸாக இருந்துவிட்டு, 1881-ல் கேம்பிரிட்ஜில் அறிவியல் கருவிகள் செய்யும் தொழிற்சாலையைத் தொடங்கினார். அதே வருஷம் அப்பாவின் கடைசிப் புத்தகம் வந்தது, மண்புழுக்களைப் பற்றி. மண்புழு மண்ணைக் கிளறக் கிளற மேலே கிடக்கும் கல் எவ்வளவு இறங்குகிறது என்று அளக்க வேண்டும். ஹொரேஸ் வீட்டுத் தோட்டத்தில் நடுவில் ஓட்டை போட்ட ஒரு வட்டக் கல்லைப் பதித்து, கீழே ஆழத்தில் ஊன்றிய கம்பியை ஆதாரமாக வைத்து அளக்கும் ஒரு கருவியைச் செய்தார். 1882 ஏப்ரல் 19-ல் அப்பா காலமான பிறகும் அவர் அளப்பதை நிறுத்தவில்லை. கல் வருஷத்துக்குச் சுமார் 2 மில்லிமீட்டர் இறங்கிக்கொண்டிருந்தது.